அஞ்சருவித் தாலம்

நூரு: …வடைக்குள்ள பஞ்சா? வேண்டாம் மதினி. தொண்டையில மாட்டிக்கிடப் போவுது.

ஹைருன்: தொண்டை மட்டும் எங்க போவும்? பல்லுல பட்டதுமே தெரிஞ்சிரும்லா. நீ பேசாம மாவைப் பெசை.

நூரு: பாவம்லா அவுக.

ஹைருன்: அடியம்மா… கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள அவுக பாவமாயிட்டாகளா?

நூரு: அதுக்குச் சொல்லல. எங்கிட்ட இன்னும் முகம் பாத்து ஒரு வார்த்தை பேசல. மொத விருந்துலயே பஞ்சைத் திங்கக் குடுத்தா கோவப்பட்டுட்டாகன்னா?

ஹைருன்: ஒரு வார்த்தை கூடவா?

நூரு: தண்ணி வேணும்னா செம்பைக் காட்டுவாக.

ஹைருன்: சரியாப் போச்சு. அப்பம் பஞ்சு மட்டும் பத்தாது. சர்பத்துல சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுருவோம்.

நூரு: மதினி…

ஹைருன்: என்ன மதினி? உங்க அண்ணன் எங்க ஊட்டுக்கு மொத விருந்துக்கு வந்தப்பம் என்ன ஆச்சு தெரியும்லா? தேங்காப் பர்பின்னு நெனச்சு சவுக்காரத்தைக் கடிச்சாக. கடிச்சதோட உட்டாகளா? நல்லாருக்கு மாமான்னு எங்க வாப்பாகிட்ட வேற சொன்னாக. பேசப் பேச வாயில நொரை.

நூரு: அண்ணன் எங்கிட்ட இதைச் சொல்லவே இல்ல…

ஹைருன்: எப்படிச் சொல்லுவாக? அன்னைக்கி தோத்ததுக்கு எங்க பெரியம்மா கேட்டா, மாசத்துல ஒருக்கா எங்க புள்ளையை உம்மா ஊட்டுக்கு அனுப்பணும்னு. வழக்கம்லா. மாப்பிள்ளை பக்கம் ஒருத்தரு ஏமாந்தாலும் போதும். பொண்ணு ஊட்டுப் பொம்பளைக கேக்குத ஒண்ணை மறுக்காமக் குடுக்கணும். உங்க வாப்பா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் குடுத்தாக. இன்னைக்கி வரைக்கும் மாசம் பொறந்தா நான் எங்க ஊட்டுக்குப் போறேன். யாராவது ஒண்ணு சொல்ல முடியுதா?

நூரு: அப்பம் இன்னைக்கி நீங்க என்ன கேக்கப் போறிய?

ஹைருன்: உனக்குத் தெரியாதாக்கும்.

நூரு: தெரியாது.

ஹைருன்: தெரியாதுன்னு சொல்லுதவ எதுக்கு மாவுக்குள்ள மூஞ்சியை ஒளிக்க? உன்னைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போவணும்னுதான் கேக்கப் போறேன்.

நூரு: …மாமா ஒத்துக்கிடவே மாட்டாக.

ஹைருன்: அதுக்குத்தானட்டி இந்தப் பாடு. இங்கன பாரு. ஆனி பொறந்து சீசன் தொடங்குனா, ஆவணி வரைக்கும் உன் மாப்பிள்ளை குத்தாலத்துல பழக்கடையே கதின்னு கெடப்பாரு. நீ தென்காசில மாமியா ஊட்டுல மத்த மூணு மருமவளுகளோட உக்காந்து, சன்னல் வழியா சாரலைப் பாத்துக்கிட்டுக் கெடப்ப. தென்காசிக்கும் குத்தாலத்துக்கும் என்ன தூரம்? ஒரு வெத்திலை மென்னு துப்புததுக்குள்ள பஸ் போயிரும். ஆனா உன் மாமனாரு சட்டம் போட்டு வச்சிருக்காரு, சீசன் கடைக்குப் பொம்பளைக போவக் கூடாதுன்னு.

நூரு: எல்லாருக்கும் அதான சட்டம். எனக்கு மட்டும் என்ன புதுசா?

ஹைருன்: உங்க அண்ணன் போட் மெயில் ஏறிக் கொழும்புக்குப் போயி, இந்தா ரெண்டாவது நோம்பு வரப் போவுது. கடல் தாண்டிப் போனவங்களுக்குக் காத்துக் கெடக்கலாம், அதுல ஒரு நியாயம் இருக்கு. இந்தா இருக்க மலையடிவாரத்துல இருக்கவருக்குமா காத்துக் கெடக்கணும்? இந்த ஊட்டுல நான் ஒருத்தி போதும்ட்டி.

நூரு: …மதினி.

ஹைருன்: கண்ணைக் கசக்காத. மாவுல உப்பு கூடிரும்.

நூரு: நீங்க கேட்டு, மாமா முடியாதுன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாகன்னா? பொறவு இந்த சென்மத்துல கேக்க முடியாது.

ஹைருன்: ஏமாந்துட்டா முடியாதுன்னு சொல்ல முடியாதுல்லா. அதனாலதான் சொல்லுதேன், இன்னைக்கி உன் மாப்பிள்ளை ஏமாந்தே ஆவணும். சரி, அடுப்புல களி கெட்டிப் பட்டுட்டா பாரு. கரண்டியை நட்டா நிக்கணும்.

நூரு: நிக்குது.

ஹைருன்: அப்பம் தாலத்துல கொட்டு. கையில நல்லெண்ணெய் தடவிக்கோ. சூட்டோட சூடா மலையாப் பிடிக்கணும்… ஏட்டி, அது என்ன கூம்பு? மலைன்னா தோளு வேண்டாமா?

நூரு: இந்தா தோளு. போதுமா?

ஹைருன்: இப்பம்தான் மலை மாதிரி இருக்கு. கருப்பட்டி போட்ட உளுந்தங்களி நல்ல கருங்கல் நெறத்துல நிக்கி பாரு. நனைஞ்ச பாறை மாதிரியே பளபளன்னு… உனக்கு எப்படிட்டி இந்த யோசனை வந்துச்சு? குத்தாலத்தையே செஞ்சு தாலத்துல வைப்போம்னு.

நூரு: என்னமோ தோணுச்சு. அவுக குத்தாலத்துல யாவாரம் பாக்கவுகதான…

ஹைருன்: வாயைத் தொறக்காத மாப்பிள்ளைக்கு இவ்வளவு யோசனையா? நல்ல பொண்ணு. சரி, மலையில மேலேருந்து விரலால கீறு. அஞ்சு ஓடை. அஞ்சருவின்னு பாத்ததும் தெரியணும்.

நூரு: கீறிட்டேன். இடியாப்பம் எடுக்கட்டா?

ஹைருன்: பைய எடு. சுருளைப் பிரிச்சு நீளமா விடு… உச்சியில ஒரு அமுக்கு அமுக்கிட்டு அப்படியே தொங்க விடு.

நூரு: அத்துப் போவுதே.

ஹைருன்: அத்த எடத்துல தேங்காப்பாலைத் தொட்டு ஒட்டு. அருவி கூடத்தான் நடுவுல பாறையில முட்டி செதறுது. ஆங்… அப்படித்தான். கீழ தேங்காப்பூவைத் தூவு. அதான் நொரை. புதினாத் தழையைக் கிள்ளி அங்கன இங்கன சொருவு, மரம் வந்துரும்.

நூரு: மதினி, நெசமாவே தண்ணி விழுத மாதிரி இருக்கு.

ஹைருன்: சத்தம் ஒண்ணுதான் இல்ல. இந்தா, பேரீச்சம்பழம். வரிசையா நிக்க வை.

நூரு: இது எதுக்கு?

ஹைருன்: எண்ணெய் தேச்சிட்டுக் குளிக்க வந்த ஆளுக. மேலெல்லாம் எப்படி மினுங்குது பாரு. ஒருத்தனுக்குத் தேங்காச் சில்லுல துண்டு கெட்டி உடு. அந்தப் பெரிய பழத்தைத் தனியா வை.

நூரு: அது யாரு?

ஹைருன்: கூட்டம் கொறையட்டும்னு கரையில நிக்கவரு. உங்க வாப்பா மாதிரி.

நூரு: மதினி, வாப்பாவுக்குக் கேட்டுரப் போவுது.

ஹைருன்: கேக்கட்டும். கொரங்கு ஆச்சா?

நூரு: கொழுக்கட்டை மாவுல ரெண்டு செஞ்சிருக்கேன். கண்ணுக்கு மொளவு வச்சிட்டேன். வாலுக்குத் தறியில அத்துப் போட்ட பாவு நூலை முறுக்கி வச்சிருக்கேன்.

ஹைருன்: வாலைத் தின்னுரப் போறாக.

நூரு: செவப்பு நூலு, தெரியும். இந்தா, பஸ்ஸும் காஞ்சிட்டு.

ஹைருன்: காட்டு. தீப்பெட்டி ரெண்டை ஒட்டி… செவப்புத் தாளு சுத்தி… பசைக்கு என்ன போட்ட?

நூரு: பாவுக்குப் போடுத கஞ்சிதான். சக்கரத்துக்கு அண்ணனோட பழைய சட்டைப் பித்தான்.

ஹைருன்: …நல்லாருக்கு. இந்தச் சன்னலு எல்லாம் கத்திரியாலயா வெட்டுன?

நூரு: ஊசியால குத்திக் குத்தி எடுத்தேன். உள்ள மஞ்சத் தாளு. ஆளு உக்காந்த மாதிரி இருக்கும்.

ஹைருன்: இதைப் பாத்துட்டும் அந்த மனுசன் வாயைத் தொறக்கலன்னா, செம்பால ஒண்ணு போடு. சரி, அழகெல்லாம் ஆச்சு. ஏமாத்து வேலைக்கு வா. பஞ்சு வடை, உப்புச் சர்பத்து. வேற?

நூரு: அது ரெண்டும் எல்லாரு ஊட்டுலயும் செய்யுததுதான. கண்டுபிடிச்சிருவாக.

ஹைருன்: ஏமாத்தவே வேண்டாம்னு சொன்னவ இப்பம் பத்தாதுங்கா…

நூரு: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

ஹைருன்: சொல்லு, சொல்லு. அந்த மூளை என்னத்தையோ வச்சிருக்கு.

நூரு: நேத்து அவுக கடையிலேருந்து பஸ்ல குடுத்து உட்ட மங்குஸ்தான் கூடை இருக்குல்லா…

ஹைருன்: ஆமா. பெருசு பெருசா.

நூரு: அதுல ஒண்ணை அறுத்துப் பாத்தேன். உள்ள சுளை வெள்ள வெளேர்னு… உரிச்ச பூண்டு மாதிரியே இருக்கு மதினி.

ஹைருன்: பூண்டு மாதிரியா?

நூரு: ஆமா. என்ன, அப்படிப் பாக்கிய?

ஹைருன்: ஏட்டி. பழக்காரனுக்கு அவன் கடைப் பழத்துக்குள்ளயே பூண்டா?

நூரு: நான் அப்படிச் சொல்லல. நீங்கதான் சொல்லுதிய.

ஹைருன்: நாந்தான் சொல்லுதேன். நாந்தான். இந்தா பெரிய பூண்டா எடுத்து உரி. அந்த அறுத்த ஓடு எங்க?

நூரு: இந்தா… தேக்கிலையில சுத்தி வச்சிருக்கேன்.

ஹைருன்: எவ்வளவு பக்குவமா அறுத்திருக்கா. சுத்தி ஒரே வரை. ஆனா மூடி ஒட்டுனா அந்த வரை தெரியுமே. கஞ்சிப் பசை வெள்ளையா நிக்கும்.

நூரு: கருப்பட்டிப் பாகைத் தொட்டு ஒட்டுனா, பழத்து நெறத்தோட நெறமாப் போயிரும்.

ஹைருன்: நீ என் நாத்தனாரா, இல்ல களவாணியா? … எதுக்குட்டி பாலை அடுப்புல வைக்க?

நூரு: பூண்டைப் பால்ல ஒரு கொதி உட்டு எடுத்தா வாசம் அடங்கும். மூடியைத் தொறந்ததும் மணக்கக் கூடாதுல்லா.

ஹைருன்: அதுவும் சரிதான். ஆனா காரம் போயிருமே.

நூரு: கொஞ்சம் போனா என்ன? பாவம்…

ஹைருன்: திருப்பியும் பாவமா? சரி, வேக வை. ஒரே ஒரு பல்லு மட்டும் பச்சையா வைப்பேன். அது என் பங்கு.

நூரு: மதினி, வேண்டாம்…

ஹைருன்: வாசல்ல வண்டிச் சத்தம் கேக்கு. வந்துட்டாக. அந்தப் பழத்தைப் பஸ்ஸுக்குப் பக்கத்துல வை. மாப்பிள்ளை உக்காருத பக்கம். மத்த பழத்தையெல்லாம் கடை மாதிரி மாமனாரு பக்கமாப் பரப்பு. திரையைச் சரியா இழுத்து உடு. ஓடு.

*

ஹைருன்: தள்ளு, தள்ளு. திரையில இந்த ஓட்டை எனக்கு.

நூரு: எனக்கு ஒண்ணும் தெரியல மதினி. என்ன நடக்கு?

ஹைருன்: பைய பேசு. எல்லாம் நான் சொல்லுதேன். நடுவுல உன் மாமனாரு, மஜீது மாமா. நெஞ்சு நிமிந்து, கோர்ட்டுல உக்காந்த மாதிரி. அவருக்கு எதுத்தாப்புல மாப்பிள்ளை. பக்கத்துல உங்க வாப்பா உபசாரம் பண்ணுதாக… வடைத் தட்டு போயிட்டு.

நூரு: எடுத்துட்டாகளா?

ஹைருன்: எடுத்துட்டாரு. பஞ்சு வடைதான். ரெண்டு விரலால பைய பிய்க்காரு… போச்சு. கண்டுட்டாரு. பஞ்சை வெளிய இழுக்காரு… ஏட்டி, என்ன செய்யுதாரு தெரியுமா? சட்டைப் பையிலேருந்து அத்தர் பாட்டிலை எடுத்து, அந்தப் பஞ்சுல ரெண்டு சொட்டு உட்டு, காதுல சொருவிட்டாரு.

நூரு: ம்…

ஹைருன்: எல்லாரும் சிரிக்காக. உன் மாமனாரு மட்டும் சிரிக்கல. இவரு பேசத் தெரியாத ஆளாட்டி? சரியான கள்ளன். நீ எதுக்கு வாயைப் பொத்துத?

நூரு: தும்மலு வருது.

ஹைருன்: தும்மிராத. சர்பத்து போவுது… கையில வாங்கிட்டாரு. குடிங்க, குடிங்க… கிட்ட கொண்டு போறாரு… ஐயோ.

நூரு: என்ன?

ஹைருன்: உங்க வாப்பாகிட்ட நீட்டுதாரு. நீங்க மொதல்ல குடிங்க மாமான்னு என்ன மரியாதை. உங்க வாப்பா வாங்கி… வேண்டாம், வேண்டாம்… ஒரே மூச்சுல குடிச்சிட்டாக.

நூரு: வாப்பாவுக்குத் தெரியும்லா அது உப்புன்னு?

ஹைருன்: தட்டைக் குடுத்து உட்டப்பமே சொன்னேன். மாப்பிள்ளை மரியாதை குடுத்த சந்தோசத்துல மறந்துட்டாக. இப்பம் மொகத்தைப் பாக்கணுமே… முழுங்கவும் முடியாம, துப்பவும் முடியாம. ஏட்டி, நம்ம பக்கமே ஏமாந்தா யாருகிட்ட போயி எதைக் கேக்க?

நூரு: இன்னும் தாலம் இருக்குல்லா.

ஹைருன்: அது ஒண்ணுதான் இருக்கு. இந்தா, தூக்கிட்டு வாராக. அருவி ஆடுது, அருவி ஆடுது… நல்லவேளை, வச்சிட்டாக.

நூரு: மாமா என்ன செய்யுதாக?

ஹைருன்: குனிஞ்சு பாக்காரு. இது அஞ்சருவில்லாங்காரு. கொரங்கு வாலை விரலால தொட்டுப் பாக்காரு… பஸ்ஸைக் கையில எடுத்துட்டாரு. சன்னலுக்குள்ள பாக்காரு. ஏட்டி, உன் மாமனாருக்குப் பல்லு இருக்கு.

நூரு: சிரிச்சாகளா?

ஹைருன்: சிரிப்புன்னு சொல்ல முடியாது. பல்லு தெரிஞ்சுச்சு. பஸ்ஸை வச்சிட்டாரு. மாப்பிள்ளை இப்பம் பழத்துப் பக்கம் கையை நீட்டுதாரு… வா, வா… ஏ!

நூரு: என்ன மதினி?

ஹைருன்: மாமனாரு எடுத்துட்டாரு.

நூரு: எதை?

ஹைருன்: அதைத்தான். நம்ம பழத்தை. முன்னால அத்தனை பழம் பரப்பிக் கெடக்க, கையை அங்கன வரைக்கும் நீட்டி, மகன் கைக்கு முந்தி எடுத்துட்டாரு.

நூரு: அல்லாவே… வேண்டாம்னு சொல்லுங்க. வாப்பாவைக் கூப்பிடுங்க மதினி.

ஹைருன்: இனிமே என்னத்தைச் சொல்ல? திருப்பி அடியில பாக்காரு. உள்ளங்கையில வச்சு நிறுத்துப் பாக்காரு…

நூரு: தெரிஞ்சிரும். அவுகளுக்குத் தெரியாமப் போவுமா? கோவப்பட்டு எந்திச்சுப் போயிருவாக…

ஹைருன்: அமுக்கித் தொறந்துட்டாரு. ஒரு சுளையை எடுத்து… வாயில போட்டுட்டாரு.

நூரு: மதினி…

ஹைருன்: மெல்லுதாரு. மொகத்துல ஒரு சுருக்கம் இல்ல. உன் மாப்பிள்ளை மொகம் மட்டும் வெளுத்துப் போச்சு. இன்னொண்ணையும் போட்டாரு… அடுத்தது பச்சை. அந்தப் பல்லு பச்சை… அதையும் போட்டுட்டாரு.

நூரு: நான் செத்தேன்.

ஹைருன்: கண்ணுல தண்ணி. ஆனா மென்னுக்கிட்டுத்தான் இருக்காரு. எல்லாத்தையும் தின்னு முடிச்சிட்டு, ஓட்டைத் தட்டு ஓரமா வச்சிட்டாரு.

மஜீது: திரைக்கு உள்ள யாரு? ஜப்பார் மருமவளா?

ஹைருன்: …ஆமா மாமா. ஹைருன்தான்.

மஜீது: இது எந்தத் தோட்டத்துப் பழம்?

ஹைருன்: அது… எங்க அடுக்களைத் தோட்டம் மாமா.

மஜீது: ம். காரம் சாஸ்தி. மீசை மொளைக்க முந்தியிலேருந்து இந்தப் பழத்தைத் தொட்டுப் பொழைக்கேன். என்னையே ஏமாத்திட்டிய. சரி, தோத்தது எங்க பக்கம். என்ன வேணும்னு கேளு.

நூரு: கேக்காதிய மதினி. போதும். உட்டுருங்க.

ஹைருன்: கையை விடுட்டி. … மாமா, எங்க நூருவை சீசன் முடியுத மட்டும் குத்தாலத்துல மாப்பிள்ளை கூட வச்சிக்கிடணும். அதான் கேக்கோம்.

மஜீது: எனக்கு இன்னும் மூணு மருமவளுக இருக்காளுக. நாளைக்கி அவளுக கேட்டா நான் என்ன சொல்ல?

ஹைருன்: அவளுக ஊட்டு விருந்துல நீங்க ஏமாறலல்லா மாமா. அதைச் சொல்லுங்க.

மஜீது: …ஜப்பாரு, கேட்டீரா உம்ம மருமவ பேச்சை? சரிம்மா. வழக்கம்னா வழக்கம்தான். நாளைக்கழிச்சு வண்டி அனுப்புதேன். கொஞ்சம் தண்ணி குடுக்கச் சொல்லுங்க. உப்புப் போடாத தண்ணி.

*

ஹைருன்: என்ன, அப்படியே உக்காந்திருக்க? ஒரு வாய் தின்னு. அருவி பூராவும் மிச்சம் இருக்கு. கரையில நின்ன ஆளை மட்டும் உங்க வாப்பா தின்னுட்டாக, தன்னைன்னு தெரியாம.

நூரு: பசிக்கல.

ஹைருன்: குத்தாலம் போறவளுக்குப் பசிக்காதா? அண்டாவைத் தேய்க்க உடாமக் கூட உன்னை உக்கார வச்சிருக்கேன். சிரிச்சாத்தான் என்ன?

நூரு: மாமா கெணத்தடிக்கிப் போனாகளே. நீங்கதான தண்ணி ஊத்துனிய. கோவமா இருக்காகளா?

ஹைருன்: வாயைக் கொப்புளிச்சாக. கொப்புளிச்சாக… கொப்புளிச்சுக்கிட்டே இருந்தாக.

நூரு: வெளையாடாதிய மதினி. அந்தப் பழம் அவுக திங்க வேண்டியது.

ஹைருன்: தெரியாமலா? மாப்பிள்ளைக்குத்தான வச்சோம். மாமனாரு கை முந்தும்னு யாரு கண்டா?

நூரு: அப்படி இல்ல… அவுக தெரிஞ்சே திங்க வேண்டியது.

ஹைருன்: என்னட்டி ஒளறுத?

நூரு: அந்த ஓட்டை நான் அறுக்கல மதினி. கூடையில அப்படித்தான் வந்துச்சு. அடியில, தேக்கிலையில சுத்தி.

ஹைருன்: யாரு சுத்துனா? தண்ணி வேணும்னா செம்பைக் காட்டுத மனுசனா?

நூரு: பேசுவாக மதினி.

ஹைருன்: பேசுவாகளா?

நூரு: நெறையப் பேசுவாக. கேட்டுக்கிட்டே நான்தான் தூங்கிருவேன்.

ஹைருன்: அடி… இத்தனை நாளா இந்தப் பூனை… அப்பம் பூண்டு, கருப்பட்டிப் பாகு, பால்ல வேக வைக்கது எல்லாம்?

நூரு: பூண்டும் பாகும் அவுக சொன்னது. கடையில ஒண்ணு செஞ்சு பாத்தாகளாம். பாலு மட்டும் என் யோசனை. திங்கப் போறது அவுகதானன்னு…

ஹைருன்: நான் என்னமோ பெரிய கெட்டிக்காரின்னு அந்தப் பச்சைப் பல்லை வேற சொருவுனேனே.

நூரு: எல்லார் முன்னாலயும் அவுக ஏமாந்த மாதிரி தின்னுட்டா, மாமா வழக்கத்தை மீற மாட்டாக, நீங்க கேட்டுருவிய, நான் குத்தாலத்துக்கு வந்துரலாம்னு… அவ்வளவுதான் நெனச்சோம்.

ஹைருன்: எங்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?

நூரு: சொன்னா உங்களுக்குச் சிரிப்பு அடங்காது, திரைக்கு வெளிய கேட்டுரும்னு அவுக சொன்னாக.

ஹைருன்: அது வாஸ்தவம்தான்.

நூரு: அதுக்காக மட்டும் இல்ல. அண்ணன் கொழும்புல கெடக்காக. நீங்க இங்கன ஒத்தையில… உங்க முன்னால உக்காந்து, எங்க ஊட்டுக்காரரு ராத்திரி பூரா எங்கிட்ட பேசுதாகன்னு எந்த வாயால சொல்ல?

ஹைருன்: கூறுகெட்டவளே. உங்கிட்ட அவரு பேசலன்னு நீ சொன்னதுலேருந்து எனக்கு வேலையே ஓடல. இப்பம்தான் வயிறு குளுந்து இருக்கு. பேசட்டும். நீ தூங்காமக் கேளு.

நூரு: அழுதியளா?

ஹைருன்: அடுப்புப் புகை. நீ எங்கட்டி எந்திக்க?

நூரு: வண்டி பூட்டுத சத்தம் கேக்கு. அவுக கெளம்புததுக்கு முந்தி மாமா முன்னால போயி நின்னு மாப்பு கேட்டுட்டு வந்திருதேன். வயசானவுக, வாயெல்லாம் எரிய… நாங்க ரெண்டு பேரும் சேந்து வச்ச கள்ளத்தனத்துக்கு அவுக தண்டனை அனுபவிச்சிட்டாக. நடந்ததை ஒளிக்காமச் சொல்லிட்டாத்தான் எனக்கு நிம்மதி.

ஹைருன்: சொன்னா குத்தாலம் போயிரும்.

நூரு: போனாப் போவட்டும். வேண்டாம் மதினி, கையை விடுங்க. ஏமாத்திட்டுப் போயி அந்த மனுசருக்கு நான் எப்படிச் சோறு போட?

ஹைருன்: உக்காருட்டி… உக்காருன்னா உக்காரு. சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட வாக்கு வாங்கிட்டுத்தான் போனாரு, அதான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி உன்னைக் கேட்டுக்கிட்டு இருந்தேன், இனிமே நீ அழுது காரியத்தைக் கெடுத்துருவ. கெணத்தடியில நான் தண்ணி ஊத்த ஊத்த உன் மாமனாரு சொன்னாரு: 'கடையில பூண்டுத் தோலு கெடந்துச்சு. மங்குஸ்தான் விக்குத எடத்துல பூண்டுக்கு என்ன சோலின்னு அன்னைக்கே புரிஞ்சிட்டு. அந்தப் பய அதைத் தின்னிருந்தா, பழம் தெரியாத பழக்காரன்னு சீசன் பூரா கடைத்தெருவே சிரிக்கும். நான் தின்னா, கெழவனுக்குக் கண்ணு மங்கிட்டுன்னு போயிரும். பால்ல வெந்தது நல்லாத்தான் இருந்துச்சு, அந்தப் பச்சைதான் கொஞ்சம் படுத்திட்டு. என் சட்டத்தை நானே எப்படி ஒடைக்கதுன்னு சாக்கு தேடிக்கிட்டு இருந்தேன் தாயி, கடைக்கு மேல உள்ள மச்சு ரூம்புக்குப் போன வாரமே வெள்ளை அடிச்சாச்சு.'